கதையளவும் கதையறுப்பும்

கதை கேட்டல் மக்களின் தொன்மையான இன்பங்களுள் ஒன்றாகும். கதை சொல்லத் தொடங்குவோன் கேட்போனிடம் ஒரு கடன் படுகின்றான். ஒரு நாட்டிலே ஓர் அரசன் இருந்தான் என்று அவன் வாய்திறந்த அளவிலேயே, அவ்வரசனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லி முடிக்கும் பொறுப்பு அவன்மேல் ஏறிவிடுகின்றது. கேட்போனும் வெறுங்கையனாய் வந்து அமர்வதில்லை. தன் பொழுதையும் நம்பிக்கையையும் முன்பணமாகக் கொடுத்தே அமர்கின்றான். இவ்விருவருக்கும் இடையேயுள்ள எழுதா ஒப்பந்தம் முறியுமிடத்துப் பிறக்கும் மனக்குறை சிறியதன்று.

இக்காலத்திலே தொலைக்காட்சி நாடகத் தொடர்களை விரும்பிக் காண்போர் கூடுமிடமெங்கும் இருவகைக் குறைகள் பேசப்படுகின்றன. ஒரு பருவத்துக்குரிய அங்கங்களின் தொகை வரவரக் குறைந்து போகின்றது என்பது ஒன்று. ஆவலோடு பார்த்துவந்த தொடர் கதை முடியுமுன்னே நிறுத்தப்பட்டுவிடுகின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் தம்முள் வேறானவை. முன்னது சுருக்கம்; பின்னது அறுப்பு. சுருக்கம் கதையின் உடம்பை மெலிவிக்கும். அறுப்பு அதன் உயிரைப் போக்கும். இவ்வேறுபாட்டை உணராது இரண்டனையும் ஒருங்கே பழிப்போரும் உளர். ஒருங்கே பொறுப்போரும் உளர். ஆதலின், கதைக்கு அளவு எங்கிருந்து பிறக்கின்றது, அதனை வரையறுக்கும் அதிகாரம் யாருக்குரியது என்னும் இரு வினாக்களையும் முதலில் ஆராய்தல் வேண்டும்.

கதை தானே வகுத்த அளவு

புத்தளம் மாவட்டக் கடற்கரையிலே, சிலாபத்துக்கு வடக்கே, முந்தற் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்தது உடப்பு என்னும் தமிழ்க் கிராமம். கரைவலைத் தொழிலுக்கும் அத்தொழிலோடு பிறந்த அம்பாப் பாடலுக்கும் பேர்பெற்ற அவ்வூரின் திரௌபதையம்மன் கோயிலில் ஆண்டுதோறும் ஆடித் திங்களில் 18 நாள் விழா நிகழ்கின்றது. விழாவின் முடிவிலே அடியார்கள் தீமிதிக்கின்றனர். குருக்ஷேத்திரப் போர் நிகழ்ந்தது 18 நாள். விழாவும் 18 நாள். இவ்வெண் ஒரு வணிகராலோ அதிகாரியாலோ விதிக்கப்பட்டதன்று. கதையின் வயிற்றிலிருந்தே பிறந்தது. ஆடித் திங்களோ தென்மேற்குப் பருவக் காற்றினால் மேலைக்கடல் கொந்தளிக்குங் காலம். கரைவலை இழுத்தற்கு உகந்ததன்று. ஆகவே, தொழில் ஓய்ந்த பொழுதும் கதை வேண்டிய பொழுதும் ஒன்றோடொன்று இயைந்து நிற்கின்றன.

தமிழ்நாட்டின் வடபகுதியிலும் திரௌபதியம்மன் கோயில்கள் பலவற்றில் பாரதப் பிரசங்கமும் இரவுக் கூத்தும் பல நாள்கள் தொடர்ந்து நிகழ்ந்து, துரியோதனன் படுகளத்தோடும் திரௌபதி கூந்தல் முடித்தலோடும் நிறைவெய்துகின்றன. அவிழ்ந்த கூந்தலோடு அவள் சபையிலே சபதங் கூறிய இடத்திற் கதையை நிறுத்திவிட்டு, மக்களை வீட்டுக்கு அனுப்ப எக்கோயிலாரும் துணியார். துணிந்தால் ஊர் கலையாது. கூந்தல் முடிந்தாலன்றிக் கதை முடியாது என்பது கற்றோர்க்கும் கல்லார்க்கும் ஒப்ப முடிந்ததோர் உண்மை.

பழம்புலவர் கண்ட முடிவு

எனினும், கதை முழுவதையும் சொல்லியே தீரவேண்டும் என்பது பழந்தமிழ்ப் புலவரின் கொள்கையன்று. வான்மீகியார் பெயரால் வழங்கும் இராமாயணத்தில் உத்தரகாண்டம் உண்டு. கம்பரோ இராமனுக்கு முடிசூட்டியவளவில் யுத்தகாண்டத்தோடு தம் நூலை நிறுத்தினார். பின்னைக் கதையாகிய உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தரால் இயற்றப்பட்டது என்பது மரபு. வியாசபாரதம் 18 பருவங்களை உடையது. வில்லிபுத்தூரார் சௌப்திக பருவம் ஈறாகப் 10 பருவங்களையே பாடினார். எஞ்சியவற்றையுஞ் சேர்த்து விரிவாகப் பாடியவர் 18ஆம் நூற்றாண்டினராகிய நல்லாப்பிள்ளை.

இவற்றிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. கம்பரையும் வில்லியாரையும் நிறைவற்ற நூல் செய்தவரென எவருங் கூறுவதில்லை. அவர்கள் நிறுத்திய இடத்திலே கதையின் முதற்கடன் தீர்ந்துவிட்டது. முடி இழந்தவன் முடி பெற்றான். போர் தொடங்கியவர் போர் முடித்தனர். ஆகவே, குறைத்துப் பாடுதல் வேறு, குறையாக விடுதல் வேறு என்பது முதலாவது. புலவர் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் என்ன நிகழ்ந்தது என்றறியும் வேட்கை மக்களிடம் அவியாது நின்று, பிறிதொரு புலவரைப் பாடச்செய்யும் என்பது இரண்டாவது. இக்காலத்தார் விரும்பிக் கேட்கும் தொடர்ச்சிப் பருவத்துக்குத் தமிழிலக்கிய வரலாற்றிலேயே முன்னோடி உண்டு எனலாம்.

வார இதழும் வாசகர் வழக்கும்

அச்சு இயந்திரமும் வார இதழும் பெருகியபின், கதை வாரந்தோறும் அளந்து கொடுக்கப்படும் பண்டமாயிற்று. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள், கல்கி இதழில் வெளிவந்தது. இத்துணை நீண்ட கதை முடிந்தபோதும் வாசகர் அமைதியுறவில்லை. கதை திடீரென முடிந்துவிட்டது, இன்னின்ன பாத்திரங்களின் பின்னை வாழ்வு யாதாயிற்று என்று ஆசிரியரை வினவினர். கல்கி அவ்வினாக்களைப் புறக்கணியாது, நூலின் முடிவுரையிலே பாத்திரங்களின் பின்னை நிலையைச் சுருக்கமாக எடுத்துரைத்தார். கடன்பட்டார் ஒருவர் கணக்கை வாசகர்முன் வைத்துத் தீர்த்த அச்செயல் எழுத்தாளர்க்கெல்லாம் முன்மாதிரியாகும்.

அதே ஆண்டு டிசம்பர் 5ஆந் தேதி கல்கி மறைந்தார். அவர் எழுதிவந்த அமரதாரா என்னும் தொடர்கதை அப்போது முடிவுறாது நின்றது. தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புக்களைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். பாரதியாரின் சந்திரிகையின் கதையோ 1921இல் அவர் மறைவோடு நின்றுபோய், இன்றளவும் முடிவற்ற கதையாகவே அச்சேறி வருகின்றது. காலன் அறுத்த கதைகள் இவை. இவற்றுக்காக வருந்தலாம், எவரையும் நோவதற்கில்லை. கணக்கேடு அறுக்கும் கதைகளோ வேறு வகையின.

பதின்மூன்றின் கணக்கு

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் கதையின் அளவைக் கதை வகுக்கவில்லை, நாட்காட்டி வகுத்தது. ஓர் ஆண்டுக்கு 52 வாரம். காலாண்டுக்கு 13 வாரம். விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள் காலாண்டுக் கணக்கில் ஒப்பந்தஞ் செய்தமையால், தொடர்களும் 13 என்னும் எண்ணையே அடிக்கல்லாகக் கொண்டன. அமெரிக்கத் தொலைக்காட்சியிலே 1950களில் ஒரு பருவத்துக்கு 39 அங்கங்கள் வரை இருந்தன. இஃது 13இன் மும்மடங்கு. எஞ்சிய காலாண்டு கோடை விடுமுறையாயிற்று. பின்னர் 26, 22 எனக் குறைந்து, இணையவழி ஒளிபரப்பு நிறுவனங்கள் தோன்றியபின் 8 அல்லது 10 அங்கங்களே ஒரு பருவம் என்னும் நிலை பரவலாயிற்று.

இந்தியாவின் தூர்தர்ஷனும் 13 அங்கங்களைக் கொண்ட தொகுதிகளாகவே தொடர்களுக்கு இசைவளித்து வந்தது. இராமானந்த சாகர் உருவாக்கிய இராமாயணத் தொடர் முதலில் 52 அங்கங்களாகத் திட்டமிடப்பட்டது, 13இன் நான்மடங்கு. பின்னர் நீட்டிக்கப்பட்டு 78 அங்கங்களாயிற்று, 13இன் அறுமடங்கு. இராமன் காட்டில் வாழ்ந்த ஆண்டுகள் 14 ஆயினும், அவன் கதை தொலைக்காட்சியிலே 13ஆல் வகுபட்டது.

தெருக்கூட்டுவோர் கேட்ட நீதி

அத்தொடர் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைதோறும் ஒளிபரப்பாயிற்று. இராமனுடைய பட்டாபிடேகத்தோடு கதை நிறைவுறும் என்பது தெரியவந்தபோது, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்ப்புக் கிளம்பிற்று. பஞ்சாபிலுள்ள ஜலந்தரில் நகர்த் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அது வடஇந்திய நகரங்கள் வேறு சிலவற்றுக்கும் பரவியது. தெருக்களிற் குப்பை மலைபோற் குவிந்தது. அவர்கள் கேட்டது கூலி உயர்வன்று. உத்தரகாண்டத்தையும் காட்டவேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை.

இக்கோரிக்கையின் ஆழம் நோக்கற்பாலது. அத்தொழிலாளருட் பலர் வான்மீகியாரைத் தம் குலகுருவாகப் போற்றும் சமூகத்தினர். உத்தரகாண்டத்திலேதான் வான்மீகியார் வெறும் நூலாசிரியராக நில்லாது கதைக்குள்ளேயே வருகின்றார். கைவிடப்பட்ட சீதைக்குத் தம் ஆசிரமத்தில் அடைக்கலந் தந்து, இலவனையும் குசனையும் வளர்த்து, இராமன் கதையை அவர்களுக்குக் கற்பித்து, அரசன் அவையிலே பாடச்செய்கின்றார். அப்பகுதியை விடுத்தால் நாடு முழுவதும் கண்ட கதையிலே தங்கள் முன்னோனுக்கு இடமில்லாது போகும் என்று அவர்கள் கருதினர். ஊரைத் துப்புரவு செய்வோர்க்கு ஊரார் அவையில் இடமின்மை பழைய வழக்கு. கதையிலும் இடமின்றிப் போகலாகாது என்பதே அவர்தம் வாதம்.

அரசு இணங்கியது. உத்தர இராமாயணம் தனித் தொடராக உருவாக்கப்பட்டு, 1988இன் பிற்பகுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. கம்பர் நிறுத்திய இடத்திலே சாகரும் நிறுத்த எண்ணினார். ஒட்டக்கூத்தரைத் தூண்டியதாகக் கருதத்தக்க அதே வேட்கை சாகரையும் தூண்டியது. கதை யாருக்குரியது என்னும் வினாவுக்கு, அதனை எழுதியோருக்கும் பணம் கொடுத்தோருக்கும் மட்டுமன்று, அதனால் தம்மை அறிந்துகொள்வோருக்கும் உரியது என அத்தொழிலாளர் விடையிறுத்தனர்.

மேனாட்டு வழக்குகள்

மேனாட்டிலும் இத்தகைய போராட்டங்கள் நிகழ்ந்துள்ளன. 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் என்னும் விண்வெளித் தொடர் இரண்டாம் பருவத்தோடு நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியபோது, விரும்பிகள் ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் பெருந்தொகையாகக் கடிதம் எழுதினர். மூன்றாம் பருவம் கிடைத்தது. ஆயின் வெள்ளி இரவு பிந்திய வேளையிலே அதனை வைத்தமையாற் பார்ப்போர் குறைந்து, 1969இல் 79 அங்கங்களோடு தொடர் நின்றது. பின்னர் மறு ஒளிபரப்பினாற் பெரும்புகழ் பெற்று, 1979இல் திரைப்படமாகவும் வந்தது. 2002இல் வெளியான பயர்பிளை என்னும் தொடருக்கு 14 அங்கங்கள் தயாரிக்கப்பட்டன. தொடக்க அங்கத்தையே பின்தள்ளி வரிசை பிறழ ஒளிபரப்பிய நிறுவனம், 11 அங்கங்களோடு அதனை நிறுத்தியது. அதன் விரும்பிகளின் ஆர்வங் குன்றாமையால் 2005இல் ஒரு திரைப்படத்தின் மூலம் கதைக்கு ஒருவாறு முடிவு கிடைத்தது.

நிறுத்துவோர்க்கும் காரணங்கள் உண்டு. பழைய முறையில் ஒளிபரப்பு நிறுவனம் விற்ற பண்டம் கதையன்று, பார்ப்போரின் கவனமே. அக்கவனத்தை விளம்பரதாரர் விலைகொடுத்து வாங்கினர். பார்ப்போர் குறையின் விலையும் குறையும். எனினும் ஏறக்குறைய 100 அங்கங்கள் சேர்ந்த தொடரைப் பிற நிலையங்களுக்கு நாடோறும் மறு ஒளிபரப்புக்கு விற்கக்கூடுமாதலின், நீண்ட தொடரைப் பேணுவதில் முதலிட்டோர்க்கும் நலன் இருந்தது. சந்தாப் பணத்தால் இயங்கும் இணையவழி நிறுவனங்களுக்கு அந்நலன் பெரிதும் இல்லை. புதிய சந்தாதாரரை ஈர்ப்பது புதிய தொடர். பழைய தொடருக்கோ பருவந்தோறும் நடிகர் ஊதியமும் செலவும் ஏறும். ஆகவே சில வாரங்களுக்குள் ஒரு தொடரின் தலைவிதி எழுதப்பட்டுவிடுகின்றது.

குறுகிய பருவத்தால் நன்மையும் உண்டு. வீண் வளர்த்தல் ஒழியும். ஓர் அங்கத்துக்குச் செலவிடும் பொருளும் உழைப்பும் மிகும். பிரித்தானியாவில் 6 அங்கப் பருவம் நெடுநாள் வழக்கு. போல்ட்டி டவர்ஸ் என்னும் நகைச்சுவைத் தொடர் 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 அங்கங்களே கொண்டது. அதனைக் குறையுடையதென்று கூறுவார் இலர். ஆயினும், குறுகிய பருவம் தொழிலாளியின் வேலைநாளையும் குறுக்குகின்றது. 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் 148 நாள் வேலைநிறுத்தஞ் செய்தமைக்குரிய காரணங்களுள், அங்கங்கள் குறைந்தமையால் அவர்தம் வேலைக்காலமும் வருவாயும் குன்றியமையும் ஒன்றாகும். அன்றியும், பல அங்கங்களில் மெல்ல மெல்ல அறிமுகமாகும் சிறு பாத்திரங்களுக்குக் குறுகிய பருவத்தில் இடமில்லை. அண்டை வீட்டாரைப் பழகியறிதற்கு நாள் வேண்டும். பாத்திரங்களுக்கும் அஃது ஒக்கும்.

நீட்டலும் வெட்டலும்

தமிழ்த் தொடர்களின் குறை இதற்கு மறுதலையானது. நாடோறும் ஒளிபரப்பாகும் அத்தொடர்களில் அங்கங்கள் குறைவதில்லை, மிகுகின்றன. 2003 முதல் 2009 வரை வந்த கோலங்கள் 1533 அங்கங்களைக் கொண்டது. விளம்பர வருவாய் உள்ளவரை கதை நீளும். வருவாய் தாழ்ந்தால் சில நாளுள் முடித்துவைக்கப்படும். நாயகிக்குப் பல்லாண்டாக இழைக்கப்பட்ட கொடுமையெல்லாம் ஒரு வாரத்தில் மன்னிக்கப்படுவதும், தீயோர் ஒரே நாளில் திருந்துவதும் இதன் விளைவு. நீட்டலும் வெட்டலும் ஒரே கையின் இரு தொழில்கள் என்பது இதனால் விளங்கும். 2020இல் பெருந்தொற்றுக் காரணமாகப் படப்பிடிப்பு நின்றபோது, சில தொடர்கள் மீண்டும் தொடங்கப்படாமலே மறைந்தன. அவற்றின் பாத்திரங்கள் பேசிய சொல் வாயிலிருக்க அப்படியே உறைந்து நிற்கின்றனர்.

இலங்கைத் தமிழ் மக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ரூபவாகினி 1982 பெப்ரவரி 15ஆந் தேதி தொடங்கப்பட்டதாயினும், ஈழத்துத் தமிழ் நாடகத் தொடர் அதில் வேரூன்றித் தழைக்கவில்லை. அதற்கு முன்னரோ வானொலி நாடகம் இந்நாட்டிற் செழித்திருந்தது. சில்லையூர் செல்வராசனின் தணியாத தாகம் கேட்போர் நெஞ்சில் நெடுநாள் நின்றது. கோமாளிகள் கும்மாளம் என்னும் வானொலி நகைச்சுவைத் தொடர் 1976இல் கோமாளிகள் என்ற திரைப்படமாயிற்று. இன்று உடப்பிலும் முன்னேசுவரத்திலும் கற்பிட்டியிலும் மாலை வேளைகளிற் பார்க்கப்படும் தமிழ்த் தொடர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் ஆக்கப்பட்டவை. அவற்றை நீட்டுவோரும் வெட்டுவோரும் இக்கரையோரத்துப் பார்வையாளரைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஜலந்தர்த் தொழிலாளர்க்கு நிறுத்துதற்கு ஒரு தொழிலும் கேட்பதற்கு ஓர் அரசும் இருந்தன. இங்குள்ளோர்க்கு அவ்வழியும் இல்லை.

சுருக்கும் முறை

சுருக்கம் வேண்டிய காலத்தில் அதனை எவ்வாறு செய்தல் தகும் என்பதற்கு ஈழத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. விடியவிடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்துக்களைப் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே நவீன மேடைக்குரிய சில மணிப் பொழுதினுள் அடங்குமாறு அமைத்தார். 1962இல் மேடையேறிய கர்ணன் போரும், பின்னர் வந்த இராவணேசன், வாலிவதை முதலியனவும் அம்முயற்சியின் பேறுகள். மீண்டும் மீண்டும் வருவனவற்றைக் குறைத்தாரேயன்றிக் கதையின் முடிவைக் குறைத்தாரில்லை. கர்ணன் வீழ்வதைக் காட்டாது திரையை இழுத்துவிடவில்லை. ஆட்டம், தாளம், பாட்டு என்னும் உயிர்நிலைகளைக் காத்து, நீளத்தை மட்டும் கொய்தமையாலேயே அம்முயற்சி கூத்துக்குப் புத்துயிர் அளித்தது. கிளை கழித்தலுக்கும் அடிமரம் வெட்டுதலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த கை அவருடையது.

இதுகாறுங் கூறியவற்றால் முடிபுகள் சில பெறப்படும். கதை நெடியதாயினும் குறியதாயினும், தொடக்கத்தில் எழுப்பிய முதல் வினாவுக்கு விடை கூறுதல் கதைசொல்வோர் கடமை. பொருள் முட்டால் நிறுத்த நேரின், ஓர் இறுதி அங்கமேனும், அதுவும் இயலாவிடின் கல்கி செய்தது போன்ற ஒரு முடிவுரையேனும் அளித்தல் நேர்மை. தொடங்குமுன்னே அளவை உறுதிசெய்து அறிவித்தல் இவையனைத்தினும் சிறந்தது.

மற்று, இக்கடற்கரை மக்கள் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மும்பாயிலோ சென்னையிலோ அமெரிக்காவிலோ உள்ள எந்நிறுவனமும் நிறுத்தவொண்ணாத கதை ஒன்று அவர்கள் கையில் இருக்கின்றது. ஆடித் திங்களின் 18 நாட் கதைக்கு விளம்பரதாரர் இலர். காலாண்டுக் கணக்கும் இல்லை. ஆயினும், பாரதத்தை விரித்துரைக்க வல்லோர் அருகி, கேட்கும் இளைஞரும் குறைந்தால், விழா நிகழ்ந்தபோதும் கதை அறுந்துபோம். தீமிதிப்பு இருக்கும், எதன்பொருட்டு மிதிக்கின்றனர் என்பது மறைந்துபோம். அவ்வறுப்பைச் செய்யக் கூடியவரும், செய்யாது காக்கக் கூடியவரும் அவ்வூராரே. பள்ளி மாணவர் சிலருக்கேனும் வில்லிபாரதத்தைப் பிழையறப் படிக்கவும் பொருள் சொல்லவும் பயிற்றுவித்தல், தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஆயிரம் கடிதம் எழுதுவதினும் பயனுடைய செயலாகும்.